ஜப்பானிய மொழியில் இடமும் திசையும்: 'நி', 'தெ', 'எ', 'ஒ' உருபுகளைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தமிழ் அறிந்தவருக்கு ஜப்பானிய வாக்கியம் முதல் பார்வையிலேயே பழகியதாகத் தோன்றும். வினை இறுதியில் நிற்கிறது, உருபு பெயருக்குப் பின்னால் வருகிறது, யாரைப் பற்றிய பேச்சு என்பது தெரிந்திருந்தால் எழுவாயை விட்டுவிடலாம். ஆங்கிலத்தை மட்டும் அறிந்த மாணவர் முதல் மாதம் முழுவதும் போராடிக் கற்கும் இந்த ஒழுங்கு நமக்குப் பிறப்பிலேயே கிடைத்திருக்கிறது. ஆனால் இடத்தைக் குறிக்கும் உருபுகளுக்கு வரும்போது இதே நெருக்கம் நம்மை ஏமாற்றுகிறது; ஏனெனில் தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு செய்யும் வேலையை ஜப்பானிய மொழி குறைந்தது மூன்று உருபுகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறது.

"அறையில் பேனாவில் தாளில் பெயரை எழுதினேன்" என்று ஒருவர் சொல்வதாகக் கொள்வோம். 'பேனாவால்' என்பதே இலக்கணப்படி பொருத்தம் என்றாலும் பேச்சில் 'பேனாவில்' என்று சொல்வோர் பலர். மூன்று பெயர்கள், மூன்றிலும் 'இல்'. இதையே ஜப்பானியர் 'ஹெய தெ, பென் தெ, கமி நி நமஎ ஒ கக்கிமஷித்த' என்பார். அறைக்குத் 'தெ', பேனாவுக்கும் 'தெ', தாளுக்கு மட்டும் 'நி'. அறையும் தாளும் இரண்டும் இடங்கள்தானே, ஏன் வேறு வேறு உருபுகள் என்ற கேள்விக்கு விடை தெரிந்துவிட்டால் இந்தப் பாடத்தின் பாதி முடிந்துவிடும்.

ஒலிபெயர்ப்பைப் பற்றிய ஒரு குறிப்பை முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லின் நடுவில் வரும் வல்லொலியைக் காட்டுவதற்காகவே 'கக்கிமஷித்த' என்பது போல இரட்டித்து எழுதுகிறேன். அதை அழுத்தி இரட்டையாக ஒலிக்க வேண்டாம். 'தெ' என்ற உருபை, 'சந்தேகம்' என்ற சொல்லில் கேட்கும் 'தே'யைக் குறுக்கியது போல மென்மையாக ஒலிக்க வேண்டும். எழுவாயைக் காட்டும் 'க' என்ற உருபு 'பங்கு' என்பதில் உள்ள கு போன்ற மெல்லொலி உடையது. 'எ' என்ற உருபை ஜப்பானிய எழுத்தில் 'ஹெ' என்றும், பேசுபொருளைக் காட்டும் 'வ' என்ற உருபை 'ஹ' என்றும், 'ஒ' என்ற உருபை 'வொ' என்றும் எழுதுவார்கள். 1946இல் எழுத்துமுறையை ஒலிப்புக்கு ஏற்பத் திருத்தியபோதும் இந்த மூன்று உருபுகளுக்கு மட்டும் பழைய எழுத்தை அப்படியே விட்டுவைத்தார்கள். ஆகவே புத்தகத்தில் 'ஹெ' என்று கண்டாலும் உருபாக வரும் இடத்தில் 'எ' என்றே படிக்க வேண்டும்.

படி 1: பெயரைப் பார்க்காமல் வினையைப் பாருங்கள்

தொடக்க மாணவர்கள் செய்யும் முதல் தவறு, 'பூங்கா என்றால் எந்த உருபு' என்று கேட்பது. பூங்காவுக்கென்று ஓர் உருபு கிடையாது. பூங்காவில் ஒருவர் இருந்தால் 'நி', விளையாடினால் 'தெ', அதன் ஊடாக நடந்தால் 'ஒ', பூங்காவுக்குப் போனால் 'நி' அல்லது 'எ'. உருபைத் தீர்மானிப்பது வாக்கியத்தின் இறுதியில் காத்திருக்கும் வினைதான். எனவே வாக்கியத்தை அமைக்கும்போது மனத்தில் முதலில் வினையை நிறுத்தி, அந்த வினை இடத்தை எப்படிப் பயன்படுத்துகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இடத்தை ஒரு வினை நான்கு விதமாகப் பயன்படுத்தக்கூடும். பொருளோ ஆளோ போய் ஒட்டிக்கொள்ளும் புள்ளியாக அதைக் கொண்டால் 'நி'. செயல் நிகழும் மேடையாகக் கொண்டால் 'தெ'. கடந்துசெல்லும் தடமாகவோ விட்டுப் பிரியும் இடமாகவோ கொண்டால் 'ஒ'. முகம் திரும்பியிருக்கும் திசையாகக் கொண்டால் 'எ'. இனி வரும் படிகள் அனைத்தும் இந்த நான்கின் விரிவே.

படி 2: இருப்பதற்கு 'நி'

'நிவ நி இனு க இமஸ்' என்றால் முற்றத்தில் நாய் இருக்கிறது என்று பொருள். 'த்சுக்குஎ நொ உஎ நி ஹொன் க அரிமஸ்' என்றால் மேசையின் மேல் புத்தகம் இருக்கிறது. உயிருள்ளவற்றுக்கு 'இமஸ்', உயிரற்றவற்றுக்கு 'அரிமஸ்' என்று வினை மாறினாலும் இரண்டுக்கும் இட உருபு 'நி'தான். இங்கே நம் திணைப் பாகுபாட்டை நம்பிப் போகக் கூடாது: தமிழில் நாய் அஃறிணை, ஜப்பானிய மொழியிலோ அது மனிதரோடு சேர்ந்து 'இமஸ்' பெறுகிறது, மரம் உயிருள்ளதே ஆயினும் 'அரிமஸ்' பெறுகிறது.

இந்தப் படியில் தமிழர் செய்யும் பிழை வேறொரு வகையானது. 'மேசை மேல் இருக்கிறது', 'அங்கே இருக்கிறது', 'வீட்டுக்கு முன்னால் இருக்கிறது' என்று உருபே இல்லாமல் சொல்வது நம் வழக்கம். மேல், கீழ், உள், புறம் முதலியவற்றைப் பழைய இலக்கணிகள் ஏழாம் வேற்றுமைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டதால் அவை தாமாகவே இடப்பொருளைத் தந்துவிடுகின்றன. ஜப்பானிய மொழியில் 'உஎ' (மேல்), 'ஷித்த' (கீழ்), 'நக்க' (உள்), 'மஎ' (முன்), 'தொனரி' (பக்கத்தில்) ஆகியவை வெறும் பெயர்ச்சொற்கள். முன்னால் 'நொ' என்ற உடைமை உருபும் பின்னால் 'நி' என்ற இட உருபும் இல்லாமல் அவை நிற்பதில்லை. சுட்டுச் சொற்களுக்கும் இதுவே விதி: 'கொக்கொ நி அரிமஸ்' இங்கே இருக்கிறது, 'அஸொக்கொ நி அரிமஸ்' அங்கே இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையில், கேட்பவருக்கு அருகிலுள்ள இடத்தைச் சுட்டும் 'ஸொக்கொ' என்ற சொல்லும் உண்டு. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'உங்கே', 'உது' என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இந்த மூன்றாம் சுட்டை விளக்கவே தேவையில்லை. மற்றவர்கள் அதைப் பழைய இலக்கியத்தின் உகரச் சுட்டோடு பொருத்திப் பார்த்துக்கொள்ளலாம்.

எண்ணிக்கையைச் சொல்லும் சில பண்புச் சொற்களும் இருப்பின் குடும்பத்தைச் சேர்ந்தவை. 'நிஹொன் நி வ யம க ஓஇ' என்றால் ஜப்பானில் மலைகள் மிகுதி. மிகுதி, குறைவு என்பவை உண்மையில் 'நிறைய இருக்கிறது', 'கொஞ்சம் இருக்கிறது' என்பதன் வேறு வடிவங்களே என்பதால் அவற்றுக்கும் 'நி' வருகிறது.

படி 3: நிகழ்வதற்குத் 'தெ'

'நிவ தெ கொதொமொ க அஸொபிமஸ்': முற்றத்தில் குழந்தை விளையாடுகிறது. முற்றம் அதே முற்றம்தான், ஆனால் இப்போது அது செயலின் மேடையாகிவிட்டது. உண்ணுதல், வாங்குதல், காத்திருத்தல், படித்தல், வேலை செய்தல் என்று செயல் நடக்கும் இடமெல்லாம் 'தெ' பெறும்.

ஆனால் 'செயல் என்றால் தெ, இருப்பு என்றால் நி' என்ற வகுப்பறைச் சூத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டால் இரண்டு இடங்களில் இடறுவீர்கள். முதலாவது, 'அரிமஸ்' என்ற வினையே சில வேளைகளில் 'தெ' கேட்கும். 'கியோட்டோ நி கின்கக்குஜி க அரிமஸ்' என்பது கியோட்டோவில் கின்கக்குஜி என்ற பொற்கோயில் இருக்கிறது என்பதைச் சொல்கிறது. 'கியோட்டோ தெ மத்சுரி க அரிமஸ்' என்பது கியோட்டோவில் திருவிழா இருக்கிறது என்கிறது. ஜூலை மாதம் முழுவதும் அந்நகரில் நடக்கும் கியோன் திருவிழாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் இந்த இரண்டாம் வடிவமே சரி. கோயில் அங்கே நிற்கும் பொருள். திருவிழா அங்கே நிகழும் நிகழ்ச்சி. இதைக் கண்டறிய நம் மொழியே ஒரு சோதனையைத் தருகிறது: 'இருக்கிறது' என்பதை எடுத்துவிட்டு 'நடக்கிறது' என்று போட்டுப் பாருங்கள். 'கியோட்டோவில் திருவிழா நடக்கிறது' பொருந்துகிறது, எனவே 'தெ'. 'கியோட்டோவில் பொற்கோயில் நடக்கிறது' பொருந்தவில்லை, எனவே 'நி'. 'இன்று மூன்றாம் மாடியில் கூட்டம் இருக்கிறது' என்ற அலுவலக வாக்கியத்துக்கும் இதே சோதனை விடை சொல்லும்.

இரண்டாவது, செயலே இல்லாத வாக்கியத்திலும் 'தெ' வரும். 'நிஹொன் தெ இச்சிபன் தக்கை யம வ ஃபூஜிஸன் தெஸ்' என்றால் ஜப்பானிலேயே மிக உயரமான மலை 3,776 மீட்டர் உயரமுள்ள ஃபூஜி மலை என்று பொருள். இங்கே யாரும் எதையும் செய்யவில்லை. 'ஜப்பான்' என்பது ஒப்பீட்டின் எல்லையாக, வேலி போட்ட களமாக நிற்கிறது. செயலின் மேடையும் ஒப்பீட்டின் களமும் அடிப்படையில் ஒன்றே: இரண்டும் 'இந்த வட்டத்துக்குள் பார்த்தால்' என்று எல்லை வகுக்கின்றன. கருவியையும் ஊர்தியையும் காட்டும் 'தெ'யும் (பென் தெ, பஸு தெ) இதே உருபுதான். 'நித்தெ' என்ற பழைய வடிவம் சுருங்கியே 'தெ' ஆனது. அழைப்பிதழ்களிலும் அறிவிப்புகளிலும் 'இன்ன மண்டபத்தில்' என்று சொல்ல இன்றும் 'நித்தெ' என்ற அந்தப் பழைய வடிவத்தை எழுதுவதுண்டு.

படி 4: தொட்டு நிற்பதற்கும் 'நி'

இப்போது தாளுக்குத் திரும்புவோம். எழுதுவது செயல்தான், ஆனாலும் எழுத்து போய்ப் படியும் பரப்பு தாள். எழுதி முடித்த பின்னும் பெயர் அங்கேயே இருக்கிறது. செயலின் விளைவு எந்த இடத்தில் தங்குகிறதோ அந்த இடத்துக்கு 'நி'. அறையிலோ எதுவும் படிவதில்லை. அது எழுதும் செயலைச் சூழ்ந்திருக்கும் மேடை மட்டுமே. ஆகவே அறைக்குத் 'தெ'.

இந்த ஒரே விளக்கம் ஏராளமான வினைகளைத் திறந்துவிடுகிறது. 'இஸு நி ஸுவரிமஸ்', நாற்காலியில் உட்காருகிறேன். 'பஸு நி நொரிமஸ்', பேருந்தில் ஏறுகிறேன். 'நிவ நி கி ஒ உஎமஸ்', தோட்டத்தில் மரம் நடுகிறேன். ஒட்டுதல், வைத்தல், நுழைதல், தங்குதல், போய்ச் சேர்தல் ஆகிய எல்லாவற்றிலும் ஆளோ பொருளோ இடத்தைத் தொட்டு நின்றுவிடுவதால் 'நி' வருகிறது. 'டோக்கியோ நி இஎ ஒ கைமஷித்த' என்றால் டோக்கியோவில் வீடு வாங்கினேன், அதாவது வீடு டோக்கியோவில் நிற்கிறது. 'நி' இருக்கும் இடத்தில் 'தெ' போட்டால் வீடு நிற்கும் இடத்தைக் காட்டிலும் வாங்கிய செயல் நடந்த இடம் முன்னால் வந்துவிடுகிறது. சட்டை வாங்கிய கதையாக இருந்தால் 'தெ' ஒன்றே இயல்பு, சட்டை ஊரோடு ஒட்டிக்கொள்வதில்லை அல்லவா.

குழப்பம் மிகுந்த இரண்டு இணைகளை மனப்பாடமே செய்துவிடுவது நல்லது. 'ஒசாகா நி ஸுன்தெ இமஸ்' (ஒசாகாவில் குடியிருக்கிறேன்) என்பதில் 'நி'; 'ஒசாகா தெ குரஷித்தெ இமஸ்' (ஒசாகாவில் வாழ்க்கை நடத்துகிறேன்) என்பதில் பெரும்பாலும் 'தெ'. 'கைஷ நி த்சுத்தொமெத்தெ இமஸ்' (நிறுவனத்தில் பணியில் இருக்கிறேன்) என்பதில் 'நி'. 'கைஷ தெ ஹத்தரைத்தெ இமஸ்' (நிறுவனத்தில் வேலை செய்கிறேன்) என்பதில் 'தெ'. குடியிருப்பதும் பணியில் இருப்பதும் ஓர் இடத்தோடு நம்மைப் பிணைக்கும் நிலைகள். வாழ்க்கை நடத்துவதும் வேலை செய்வதும் அந்த இடத்தில் நாள்தோறும் நடக்கும் செயல்கள். ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலைகளுக்குப் படிப்பவர்கள் இந்த இணைகளில் தயங்காமல் விடை சொல்லும் அளவுக்குப் பழகிக்கொள்ள வேண்டும்.

சந்திப்பதைக் குறிக்கும் வினையையும் இங்கேயே சொல்லிவிடலாம். 'எக்கி தெ தொமொதச்சி நி ஐமஸ்' என்றால் நிலையத்தில் நண்பரைச் சந்திக்கிறேன். தமிழில் 'நண்பரை' என்று இரண்டாம் வேற்றுமை போடுகிறோம். ஜப்பானியர் நண்பரைப் போய்ச் சேரும் புள்ளியாகக் கருதி 'நி' போடுகிறார்கள், நிலையம் மேடையாகித் 'தெ' பெறுகிறது.

படி 5: போகும் இடம் — 'நி', 'எ', 'மதெ'

போதல், வருதல், திரும்புதல் ஆகிய மூன்று வினைகளோடு 'நி', 'எ' இரண்டில் எதைப் பயன்படுத்தினாலும் பிழையில்லை. 'கியோட்டோ நி இக்கிமஸ்', 'கியோட்டோ எ இக்கிமஸ்' இரண்டும் கியோட்டோவுக்குப் போகிறேன் என்பதே. வேறுபாடு சாயலில்தான் இருக்கிறது. 'எ' என்ற உருபு 'பக்கம், அருகு' என்று பொருள்படும் பழைய பெயர்ச்சொல்லிலிருந்து வந்தது. எனவே அதில் 'கியோட்டோவை நோக்கி' என்ற திசையுணர்வு இருக்கிறது. 'நி'யில் அங்கே போய்ச் சேர்வது அழுத்தம் பெறுகிறது. 'கியோட்டோவில் எ, த்சுகுஷியில் நி, பந்தோவில் ஸ' என்ற ஒரு பழமொழி முற்காலத்தில் இருந்தது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாகசாகியில் அச்சான, ஜோவாவ் ரொட்ரிகஸ் என்ற போர்த்துகீசியப் பாதிரியாரின் இலக்கண நூலிலும் அது இடம்பெற்றிருக்கிறது. தலைநகரத்தார் 'எ' என்றும், த்சுகுஷி எனப்பட்ட கியூஷு தீவினர் 'நி' என்றும், கிழக்குப் பகுதியினர் 'ஸ' என்றும் சொல்வர் என்பதே அதன் பொருள். அந்த 'ஸ' இன்றும் வடகிழக்கு ஜப்பானின் வட்டாரப் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ஆக, இந்த இரண்டு உருபுகளுக்கும் இடையே கல்லில் செதுக்கிய எல்லையைத் தேடி வருந்த வேண்டியதில்லை. அன்றாடப் பேச்சில் 'நி' அதிகம் கேட்கும். ஐயம் வந்தால் அதையே சொல்லுங்கள்.

எனினும் ஒன்றை ஒன்று மாற்ற முடியாத, அல்லது மாற்றினால் செயற்கையாகும் இடங்கள் சில உண்டு. உட்காருதல் போல இடத்தைத் தொட்டே தீர வேண்டிய வினைகளுக்கு 'நி' மட்டுமே பொருந்தும். ஏறுதல், போய்ச் சேர்தல் ஆகியவற்றுக்கும் அதையே வைத்துக்கொள்ளுங்கள். நோக்கத்தைக் காட்டும் 'நி'யும் மாறாது: 'கொஹன் ஒ தபெ நி இக்கிமஸ்' என்றால் சாப்பிடுவதற்காகப் போகிறேன். இங்கே ஒரு கண்ணி காத்திருக்கிறது. 'உணவகத்தில் சாப்பிடப் போகிறேன்' என்று தமிழில் சொன்னால் அது வெறும் எதிர்காலத்தையும் குறிக்கக்கூடும்; அதை அப்படியே பெயர்த்து உணவகத்துக்குத் 'தெ' போட்டுவிடுகிறோம். ஜப்பானிய வாக்கியத்தில் உணவகம் 'போகிறேன்' என்ற வினையைச் சார்ந்தது. ஆகவே அது 'ரெஸுதொரன் நி' அல்லது 'ரெஸுதொரன் எ' என்றே நிற்க வேண்டும்.

'எ' மட்டுமே வரக்கூடிய இடம், பெயருக்கு அடையாக அமையும் இடம். 'கியோட்டோவுக்கான பயணம்' என்று சொல்ல 'கியோட்டோ எ நொ தபி' என்பர். 'நி நொ' என்ற சேர்க்கை ஜப்பானிய மொழியில் கிடையாது. கடிதத்தின் தலைப்பில் 'அம்மாவுக்கு' என்று எழுதுவதும், வினையே இல்லாமல் 'எதிர்காலத்தை நோக்கி' என்று முடியும் விளம்பர வாசகங்களும் 'எ' கொண்டே அமைகின்றன. வினை இல்லாதபோதும் திசையைத் தானே சுமந்து நிற்கும் வலிமை 'எ'க்கு உண்டு.

'மதெ' என்பது நம் 'வரை'. 'டோக்கியோ கர கியோட்டோ மதெ ஷின்கான்சென் தெ இக்கிமஸ்': டோக்கியோவிலிருந்து கியோட்டோ வரை ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் போகிறேன். நடத்தல், ஓடுதல், நீந்துதல் போல எப்படி அசைகிறோம் என்பதை மட்டும் சொல்லும் வினைகள் 'நி'யோடு நேராகச் சேர்வதில்லை. 'எக்கி நி அருக்கிமஸ்' என்பது ஜப்பானியர் காதுக்கு உறுத்தும். 'எக்கி மதெ அருக்கிமஸ்' (நிலையம் வரை நடக்கிறேன்) என்றோ, 'எக்கி நி அருஇத்தெ இக்கிமஸ்' (நிலையத்துக்கு நடந்து போகிறேன்) என்றோ சொல்ல வேண்டும். தமிழிலும் 'நிலையத்துக்கு நடக்கிறேன்' என்பதைவிட 'நிலையத்துக்கு நடந்து போகிறேன்' என்பதுதானே இயல்பாக வருகிறது. ஆங்கில வழியில் ஜப்பானிய மொழி கற்கும் தமிழர்கள் தங்கள் தாய்மொழி ஏற்கெனவே தந்துவிட்ட விடையை மறந்துவிட்டு இங்கே தவறுகிறார்கள்.

படி 6: கடக்கும் தடத்துக்கும் பிரியும் இடத்துக்கும் 'ஒ'

'ஒ' என்றால் செயப்படுபொருள் உருபு என்று முதல் பாடத்திலேயே கற்றிருப்பீர்கள். இடத்துக்கும் அது வரும் என்பது மாணவரைத் திகைக்க வைக்கிறது. தமிழருக்குத் திகைப்பு தேவையில்லை. 'பாலத்தைக் கடந்தேன்' என்பதில் 'ஐ' வருவது போலவே 'ஹஷி ஒ வத்தரிமஷித்த' என்பதில் 'ஒ' வருகிறது. 'வீட்டை விட்டுக் கிளம்பினேன்' என்பதில் 'ஐ' இருப்பது போலவே 'இஎ ஒ தெமஷித்த' என்பதில் 'ஒ' இருக்கிறது. இந்த இரண்டு வகையிலும் நம் உணர்வு அப்படியே பொருந்துகிறது.

பொருந்தாத இடம், பரந்த வெளியில் நகர்வது. 'பூங்காவில் நடக்கிறேன்', 'வானத்தில் பறக்கிறது' என்று நாம் 'இல்' போடுகிறோம். ஜப்பானியரோ 'கோஎன் ஒ அருக்கிமஸ்', 'ஸொர ஒ தொபிமஸ்' என்று அந்த வெளி முழுவதையும் தடமாகக் கொள்கிறார்கள். பூங்காவுக்குத் 'தெ' போட்டாலும் வாக்கியம் செத்துவிடாது, ஆனால் பொருள் நகர்ந்துவிடும்: நடைப்பயிற்சியைச் செய்யும் களம் பூங்கா என்றாகிவிடும். 'யம ஒ நொபொரிமஸ்' என்றால் மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருக்கிறேன், 'யம நி நொபொரிமஸ்' என்றால் மலையேறுவது, அதாவது உச்சியை நோக்கிய ஏற்றம். ஃபூஜி மலைக்குப் பயணம் திட்டமிடுவோர் பேச்சில் 'நி'யே மிகுதியாக வரும். வழி சொல்லும்போது இந்த உருபுகள் ஒரே வாக்கியத்தில் வேலை பிரித்துக்கொள்வதைக் காணலாம்: 'கதொ ஒ மிகி நி மகரிமஸ்', முனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். முனை நாம் கடக்கும் இடம், வலம் நாம் போகும் பக்கம்.

பிரிவைச் சொல்ல 'ஒ' ஒன்றுதானா, 'கர' (இலிருந்து) வராதா என்ற கேள்வி எழும். அறையை விட்டு வெளியேறுவதற்கு இரண்டும் வரும். ஆனால் 'கெமுரி க என்தொத்சு கர தெமஸ்', புகைபோக்கியிலிருந்து புகை வருகிறது என்பதில் 'ஒ' வராது. தானாக முடிவெடுத்து ஓர் இடத்தை விட்டுப் புறப்படும் ஆற்றல் புகைக்கு இல்லை. தமிழிலும் 'புகை புகைபோக்கியை விட்டுப் புறப்பட்டது' என்றால் அது கவிதையாகிவிடும். 'தைகக்கு ஒ தெமஷித்த' என்பது பல்கலைக்கழகத்தை விட்டு வெளியே வந்தேன் என்று சொல்வதோடு படித்து முடித்தேன் என்றும் பொருள்படும். அந்தப் பட்டம் பெற்ற பொருளுக்குக் 'கர' உதவாது.

படி 7: ஆளிடம் போவதற்கு 'தொக்கொரொ'

'ஆசிரியரிடம் போகிறேன்' என்பதை 'ஸென்ஸே நி இக்கிமஸ்' என்று பெயர்த்தால் ஜப்பானியர் விழிப்பார். போதல், வருதல் முதலிய வினைகளுக்கு மனிதர் நேரடியாகச் சேருமிடமாக முடியாது. 'ஸென்ஸே நொ தொக்கொரொ நி இக்கிமஸ்', அதாவது ஆசிரியர் இருக்கும் இடத்துக்குப் போகிறேன் என்று 'இடம்' என்ற சொல்லை நடுவில் வைக்க வேண்டும். இதை ஒரு புதிய விதியாகக் கற்க வேண்டுமா என்று எனக்கு எப்போதும் தோன்றும். 'ஆசிரியரிடம்' என்ற சொல்லின் வாலில் இருப்பது 'இடம்' என்ற பெயர்தானே! தமிழும் இங்கே மனிதரைக் குறிக்கும் பெயருக்குப் பின்னால் 'கு'வை நேராகப் போடாமல் இடத்தைத் துணைக்கு அழைத்துக்கொண்டு நிற்கிறது.

படி 8: 'வ', 'மொ' சேரும்போது

பேசுபொருளைக் காட்டும் 'வ'வும், 'உம்' என்ற பொருளுடைய 'மொ'வும் வரும்போது, 'க'வும் 'ஒ'வும் பெரும்பாலும் தம் இடத்தை விட்டுக்கொடுத்துவிடும். இட உருபுகள் அப்படியே நின்று, அவற்றின் மேல் புதிய உருபு ஏறிக்கொள்ளும். 'கியோட்டோ நி வ', 'கியோட்டோ தெ மொ', 'டோக்கியோ கர வ' என்பவை அவ்வாறு அமைந்தவை. தமிழின் 'கியோட்டோவிலும்' என்பதில் 'இல்' மறையாமல் அதன்மேல் 'உம்' ஏறுவது போலவே இதுவும். வரிசையை மாற்றி 'வ நி' என்று சொல்லிவிடாமல் இருந்தால் போதும்.

ஒரு நாள் பயணத்தில் பயிற்சி

கற்றதை ஒரு சிறு பத்தியில் ஓடவிட்டுப் பார்ப்போம். "காலையில் வீட்டை விட்டுக் கிளம்பினேன். டோக்கியோ நிலையத்தில் ஷின்கான்சென்னில் ஏறினேன். கியோட்டோவில் இறங்கினேன். கமோ ஆற்றங்கரையில் நடந்தேன். ஒரு கடையில் சோபா நூடுல்ஸ் சாப்பிட்டேன். இரவு ஒரு ரியோகான் விடுதியில் தங்கினேன்." வீட்டைத் தவிர்த்தால் ஆறு இடங்கள், ஆறிலும் 'இல்'. தமிழ் வாக்கியத்தை மட்டும் பார்த்து ஒருவரும் சரியான உருபைக் கண்டுபிடிக்க முடியாது. வினைகளின் அடியில் கோடிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

வீடு பிரியும் இடம்: 'இஎ ஒ தெமஷித்த'. இரண்டாம் வாக்கியத்தில் இரண்டு இடங்கள் உள்ளன. ஏறிய செயல் நிகழ்ந்த மேடை நிலையம், உடல் போய்ச் சேர்ந்த இடம் வண்டி: 'டோக்கியோ எக்கி தெ ஷின்கான்சென் நி நொரிமஷித்த'. ஆற்றங்கரை நீளமாகக் கிடக்கும் தடம்: 'கமொகவ நொ கவகிஷி ஒ அருக்கிமஷித்த'. கடை உண்ணும் செயலின் மேடை: 'மிஸெ தெ ஸொப ஒ தபெமஷித்த'. விடுதி நாம் போய்த் தங்கும் புள்ளி: 'ரியொகன் நி தொமரிமஷித்த'. தங்குவதைச் செயலாக எண்ணிக்கொண்டு இந்தக் கடைசி இடத்தில் 'தெ' போடுவோர் பலர். நான் எழுதிய முதல் வீட்டுப்பாடத்தில் சிவப்பு மை விழுந்ததும் இதே சொல்லின் மேல்தான்.

நடுவில் விட்டுவந்த 'கியோட்டோவில் இறங்கினேன்' என்பதை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன். இறங்குதல் பிரியும் வினை என்பதால் 'கியோட்டோ ஒ' என்று எழுதக் கை நீளும். ஆனால் நாம் பிரிந்தது கியோட்டோவை அன்று, வண்டியை. வண்டிக்கே 'ஒ' உரியது, கியோட்டோவோ அந்த இறங்குதல் நிகழ்ந்த இடம்: 'கியோட்டோ தெ ஷின்கான்சென் ஒ ஒரிமஷித்த'. வண்டியின் பெயரைச் சொல்லாமல் விட்டாலும் கியோட்டோவுக்குரிய 'தெ' மாறுவதில்லை: 'கியோட்டோ தெ ஒரிமஷித்த'.